டிஸ்னி வேர்ல்டுக்குச் சின்னப் பிள்ளைகளோடு: சாப்பாட்டுத் திட்டம் வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் எங்கள் நண்பர்கள் வட்டத்தில் யாராவது ஒருவர் ஆர்லாண்டோவுக்குக் கிளம்புவார். விமானம் போட்டாயிற்று, அறை போட்டாயிற்று, கடைசியில் ‘டைனிங் பிளான் சேர்க்கவா?’ என்ற கட்டம் வந்ததும் கை நின்றுவிடும். அப்போது எனக்கு போன் வரும். நாங்கள் திட்டத்தோடு ஒரு தடவையும் திட்டமில்லாமல் இரண்டு தடவையும் போனவர்கள். அதனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே மொத்தமாக எழுதிவிட்டேன்.

இந்த டைனிங் பிளான் என்பது என்ன?

ஃபுளோரிடாவில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டின் சொந்த ஹோட்டல்களில் அறையும் டிக்கெட்டும் சேர்த்துப் பேக்கேஜாக வாங்குகிறவர்கள், சாப்பாட்டுக்கும் முன்கூட்டியே பணம் கட்டிவிடும் ஏற்பாடு. 2005-இல் தொடங்கியது. 2020-இல் கொரோனாவுக்காகப் பூங்காக்கள் மூடியபோது இதையும் நிறுத்தினார்கள், 2024 ஜனவரி 9 முதல் மறுபடி வந்தது.

இப்போது இரண்டு வகை. ஒன்று குவிக் சர்வீஸ் திட்டம்: கவுன்டரில் வாங்கிச் சாப்பிடும் சாப்பாடு இரண்டு, ஸ்நாக் ஒன்று. இன்னொன்று சாதாரண டைனிங் பிளான்: உட்கார்ந்து, பரிமாறுபவர் வந்து கேட்டுச் சாப்பிடும் சாப்பாடு (டேபிள் சர்வீஸ்) ஒன்று, கவுன்டர் சாப்பாடு ஒன்று, ஸ்நாக் ஒன்று. இரண்டிலும் ஆளுக்கு ஒரு ரீஃபில் மக், அதாவது திரும்பத் திரும்பப் பானம் நிரப்பிக்கொள்ளும் கோப்பை, உண்டு.

கவனிக்க வேண்டியது, கணக்கு நாளுக்கு இல்லை, இரவுக்கு. 4 இரவு தங்கினால் 4 இரவுக்கான கிரெடிட்தான், சாப்பாட்டு டோக்கன் மாதிரி. ஆனால் நீங்கள் சாப்பிடப்போவது 5 நாள். ‘ஒரு நாளைக்கு மூன்று வேளையும் வந்துவிடும்’ என்று நினைத்து வாங்குகிறவர்கள் முதலில் ஏமாறுவது இங்கேதான். காலைச் சாப்பாட்டுக்கு என்று தனியாக எதுவும் இதில் கிடையாது.

எவ்வளவு ஆகும்?

விலை வருஷத்துக்கு வருஷம் மாறும். திட்டம் திரும்பி வந்த 2024-இல், ஓர் இரவுக்கு குவிக் சர்வீஸ் பெரியவருக்கு 57.01 டாலர், 3 முதல் 9 வயது வரை 23.83 டாலர். சாதாரண திட்டம் பெரியவருக்கு 94.28, குழந்தைக்கு 29.69. வரி இதற்குள்ளேயே அடக்கம்.

அப்பா, அம்மா, 5 வயதுப் பெண், 2 வயதுப் பையன் என்று ஒரு குடும்பம் 4 இரவு தங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த விலையில் குவிக் சர்வீஸுக்கு 551.40 டாலர், சாதாரண திட்டத்துக்கு 873 டாலர். பையன் கணக்கிலேயே வரமாட்டான். அவனைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

லாபமா, நஷ்டமா? அதை மட்டும் சொல்லுங்கள்.

குழந்தைக்கு லாபம், பெரியவருக்கு இழுபறி. இரண்டையும் பிரித்து வாங்க முடியாது என்பதுதான் சிக்கல். ஒரே புக்கிங்கில் 3 வயதுக்கு மேல் இருக்கும் எல்லோரும், தங்கும் எல்லா இரவுக்கும், ஒரே திட்டத்தைத்தான் எடுக்க வேண்டும். பிள்ளைக்கு மட்டும் வாங்கிவிட்டு நாம் இட்லிப்பொடியோடு சமாளிக்கலாம் என்ற திட்டம் நடக்காது.

பெரியவர் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கவுன்டரில் ஒரு சாப்பாடு சுமாராக 15 டாலர், கூட ஒரு குளிர்பானம் 5 டாலர். இரண்டு வேளைக்கு 40. ஸ்நாக் ஒரு 7. மக்கைத் தனியாக வாங்கினால் 22 டாலர் பக்கம், அதை 4 இரவுக்குப் பிரித்தால் 5 சொச்சம். வரி 6.5 சதவீதம் சேர்த்தால் 55, 56 டாலர். திட்டத்தின் 2024 விலை 57. ஆக, கொடுப்பதை எல்லாம் ஒன்று விடாமல் வாங்கிக்கொண்டால்கூட ஏறத்தாழ சமன்தான்.

நம் வீட்டில் யார் வேளாவேளைக்குக் குளிர்பானம் குடிக்கிறார்கள்? பூங்காவுக்குள் குளிர்பான மெஷின் இருக்கும் எந்தக் கவுன்டரிலும் ஐஸ் போட்ட தண்ணீர் இலவசம், கேட்டால் கப்பில் பிடித்துத் தருவார்கள். தண்ணீர் போதும் என்பவருக்கு அதே நாள் 40 டாலருக்குள் முடிந்துவிடும். மிச்சம் 17 டாலர், ஆளுக்கு, ஓர் இரவுக்கு.

மது அருந்துகிறவர்களுக்குக் கணக்கு வேறு. 21 வயது ஆனவர்கள் சாப்பாட்டோடு வரும் பானத்துக்கு பியரோ ஒயினோ காக்டெயிலோ எடுக்கலாம். ஒரு காக்டெயில் 15 டாலரை ஒட்டி விற்கும் இடத்தில், அது இருந்தால் திட்டம் ஜெயித்துவிடும். அப்புறம் பிள்ளை வண்டியைத் தள்ளுவது யார் என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

சாதாரண திட்டம் எப்போது கட்டுப்படியாகும்?

மிக்கியோ, வின்னி த பூ கரடியோ, இளவரசிகளோ மேசைக்கு வந்து பார்க்கும் ‘கேரக்டர்’ சாப்பாடு இருக்கிறதே, அதைத் தினம் ஒன்று என்று வைத்துக்கொண்டால் கட்டுப்படியாகும். கன்டெம்ப்ரரி ஹோட்டலில் இருக்கும் செஃப் மிக்கீஸ் மாதிரி இடத்தில் இரவுச் சாப்பாடு பெரியவருக்கு 60 டாலருக்கு மேல், குழந்தைக்கு 40-ஐ ஒட்டி. குழந்தையின் முழு நாள் திட்டமே 2024 விலையில் 30 டாலருக்குள் என்றால், அந்த ஒரு வேளையிலேயே போட்ட காசு வந்துவிட்டது.

ஆனால் தினமும் ஒன்று என்பது சொல்ல எளிது. ஒரு கேரக்டர் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஹோட்டலில் என்றால் போகவர இன்னும் ஒரு மணி. நாங்கள் திட்டத்தோடு போனபோது எங்கள் பெண் இரண்டாம் நாளே, தட்டு வருவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் ஸ்ட்ரோலரில் தூங்கிப்போனாள். கையில் பாதி கடித்த ரொட்டி. எழுப்பவும் மனசு வரவில்லை, விடவும் மனசு வரவில்லை. அவள் தட்டில் இருந்த மக்ரோனியை நான் சாப்பிட்டேன், என் தட்டை என் கணவர் சாப்பிட்டார், அவர் தட்டு அப்படியே திரும்பிப் போனது. திட்டம் இல்லாவிட்டால் அந்த நேரத்தில் ஹோட்டலுக்குத் திரும்பிப் படுத்திருப்போம். ‘காசு கட்டியாச்சே’ என்ற நினைப்புதான் எங்களை அங்கே உட்காரவைத்தது. என்னைக் கேட்டால், சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இந்தத் திட்டத்தின் உண்மையான விலை அதுதான்.

2 வயதுக் குழந்தைக்கு என்ன செய்வது?

ஒன்றும் செய்ய வேண்டாம். 3 வயதுக்குக் கீழே திட்டம் கிடையாது, பணமும் கிடையாது. உங்கள் தட்டிலிருந்து கொடுக்கலாம். பஃபேயிலும், எவ்வளவு வேண்டுமானாலும் பரிமாறும் இடங்களிலும் அவர்களுக்கு இலவசம். மூன்றாவது பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் இருக்கிறது, பயணத்தை முன்னால் தள்ளலாமா என்று கேட்டால், தாராளமாக. நுழைவு டிக்கெட்டும் 3 வயதிலிருந்துதான்.

டிஸ்னி வேர்ல்டின் நான்கு பூங்காக்களிலும் குழந்தைகளுக்கான பேபி கேர் சென்டர் இருக்கிறது. பால் கொடுக்கத் தனி இடம், டயப்பர் மாற்றும் மேசை, உயர நாற்காலி, சாப்பாடு சூடுபண்ண மைக்ரோவேவ் எல்லாம் உண்டு. மதிய வெயிலில் அந்த ஏசி அறை கோயில் மண்டபம் மாதிரி.

‘குழந்தைகளுக்கு இலவசம்’ என்று போட்டிருக்கிறார்களே?

2026 பயணங்களுக்கு, 3 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கு இலவசமாகத் திட்டம் தருவதாக டிஸ்னி அறிவித்தது. பெரியவர்கள் திட்டத்தைப் பணம் கொடுத்து வாங்க வேண்டும், அறையும் டிக்கெட்டும் தள்ளுபடி இல்லாத முழு விலை பேக்கேஜாக இருக்க வேண்டும்.

இந்த ‘முழு விலை’ என்ற சொல்லில் கண் வையுங்கள். அறைக்கு அவ்வப்போது 20, 25 சதவீதம் தள்ளுபடி விடுவார்கள். இரவுக்கு 300 டாலர் அறையில் 20 சதவீதம் என்றால் 60 டாலர். ஒரு பிள்ளையின் சாப்பாட்டுத் திட்டம் 30 டாலர் பக்கம். ஒரு பிள்ளை என்றால் அறைத் தள்ளுபடிதான் மேல். மூன்று பிள்ளைகள், மூவரும் 3-க்கும் 9-க்கும் இடையில் என்றால் இலவசத் திட்டம் மேல். இரண்டு பிள்ளை என்றால் பேப்பரும் பேனாவும் எடுத்து உட்காருங்கள்.

10 வயது ஆகிவிட்டால் அரை டிக்கெட் கிடையாது, பெரியவர் கட்டணம்தான். ஒரு கைப்பிடி சாப்பிடும் பத்து வயதுப் பையனுக்கு, 2024 விலையில் பார்த்தால்கூட, 94 டாலர் கட்டுவது யோசிக்க வேண்டிய விஷயம்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் வாங்கத்தான் வேண்டுமா?

ஒரே புக்கிங்கில் போட்டால் வாங்கத்தான் வேண்டும். அதனால் அவர்களுக்குத் தனி அறை எடுப்பதாக இருந்தால் தனி புக்கிங்காகவே போடுங்கள். உங்கள் அறைக்குத் திட்டம், அவர்கள் அறைக்கு வேண்டாம் என்று வைத்துக்கொள்ளலாம். ஹோட்டலில் சொன்னால் பக்கத்துப் பக்கத்து அறையாகத் தர முயல்வார்கள்.

என் மாமியார் எங்களோடு வந்தபோது இது தெரியாமல் எல்லோரையும் ஒன்றாகப் போட்டுவிட்டோம். அவர்களுக்குச் சர்க்கரை. ஸ்நாக் என்று வருவதெல்லாம் ஐஸ்கிரீமும் குக்கியும். ஒவ்வொரு நாளும் “எனக்கு எதுக்கும்மா இது, பிள்ளைகிட்ட குடு” என்று சொல்லிவிடுவார்கள். கிரெடிட்கள் குடும்பத்துக்குப் பொதுவாகத்தான் இருக்கும் என்பதால் அவர்கள் ஸ்நாக்கெல்லாம் என் பெண் வயிற்றுக்குள் போயிற்று. பலன் மூன்றாம் நாள் ராத்திரி தெரிந்தது.

நாங்கள் சைவம். திட்டம் எங்களுக்கு உதவுமா?

சாப்பாடு கிடைக்குமா என்பது வேறு, காசுக்குக் கட்டுப்படியாகுமா என்பது வேறு.

கிடைக்கும். 2019-லிருந்து, இறைச்சி, பால், முட்டை, தேன் எதுவும் இல்லாத பதார்த்தங்களுக்கு மெனுவில் ஒரு பச்சை இலைக் குறி போடுகிறார்கள். பால், வெண்ணெய் சாப்பிடுகிற நமக்கு அதைத் தாண்டியும் கிடைக்கும். அனிமல் கிங்டம் பூங்காவில் சாத்துலி கேன்டீன் என்று ஒரு கவுன்டர் கடை, கிண்ணத்தில் சோறு வைத்து மேலே காரம் தடவிப் பொரித்த டோஃபு, ஒரு குழம்பு. முதல் நாளிலிருந்து பீட்சாவும் ஃபிரைஸுமாகத் தின்று நாக்கு செத்துப்போனவர்களுக்கு அந்தச் சோறு தேவாமிர்தம். எப்காட் பூங்காவில் கார்டன் கிரில் என்ற உணவகம் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், மிக்கி விவசாயி வேஷத்தில் வருவார், சைவம் என்று சொன்னால் தனியாகத் தட்டு வரும்.

அனிமல் கிங்டம் லாட்ஜ் ஹோட்டலில் சனா என்ற இடம். ஆப்பிரிக்கச் சமையலும் இந்தியச் சமையலும் கலந்தது. நான் ரொட்டி வகைகளைச் சட்னி, ஊறுகாய் வகையறாக்களோடு ஒரு தட்டில் அடுக்கித் தருவார்கள், ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி நடந்து போகும். பிள்ளைகள் சாப்பிட மறந்து ஜன்னலில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் டேபிள் சர்வீஸ் கிரெடிட்டில் வருவது முதன்மைச் சாப்பாடு, இனிப்பு, பானம் மட்டும். முதலில் கொறிக்க வாங்கும் ஸ்டார்ட்டர் வகைகளுக்குத் தனியாகப் பணம். அந்த ரொட்டித் தட்டு ஸ்டார்ட்டர்.

கட்டுப்படியாகுமா என்றால், பெரும்பாலும் இல்லை. திட்டத்தில் எதை வாங்கினாலும் ஒரே கிரெடிட்தான். லாபம் பார்க்கிறவர்கள் ஸ்டேக்கும் இறாலும் சொல்வார்கள். நாம் 13 டாலர் சைவச் சாப்பாட்டுக்கு அதே கிரெடிட்டைக் கொடுத்துவிட்டு வருவோம். விலை ஒன்றாகவே இருக்கும் பஃபேயில் மட்டும் இந்த வித்தியாசம் தெரியாது.

மாட்டிறைச்சி கலந்துவிடுமோ என்ற கவலை இருந்தால், டேபிள் சர்வீஸ் இடங்களில் முன்பதிவிலேயே குறிப்பிடுங்கள், செஃப் நேரில் வந்து பேசுவதும் உண்டு. கூச்சப்படாமல் கேளுங்கள். தினமும் நூறு பேர் கேட்கிற கேள்விதான் அது.

வீட்டுச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகலாமா?

போகலாம்! இதுதான் நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம். நம் ஊர்த் தீம் பார்க்குகளில் வாசலிலேயே பையைத் திறந்து முறுக்குப் பொட்டலத்தைக்கூட வாங்கி வைத்துவிடும் பழக்கத்தில் நாம் வளர்ந்தவர்கள். இங்கே அப்படி இல்லை. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது, கூலரில் உதிரி ஐஸும் உலர் பனிக்கட்டியும் கூடாது, உறைந்த ஐஸ் பேக் வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

தயிர்சாதம், புளிசாதம், சப்பாத்தி ரோல் எல்லாம் எங்கள் பையில் போயிருக்கின்றன. வாசலில் பாதுகாப்புக்கு நின்றவர் டப்பாவைப் பார்த்துவிட்டு நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்தி அனுப்பினார். டிஸ்னி ஹோட்டல் அறைகளில் சின்ன ஃபிரிட்ஜ் உண்டு. ஸ்டூடியோ வில்லாக்களில் மைக்ரோவேவும் இருக்கும், ஒரு படுக்கையறை வில்லா எடுத்தால் முழுச் சமையலறையே இருக்கும். வால்மார்ட், இன்ஸ்டாகார்ட் மூலம் பால், பழம், தயிர் எல்லாம் ஹோட்டலுக்கே வரவழைக்கலாம்.

காலைக்கு அறையிலேயே பாலும் சீரியலும் வாழைப்பழமும், மதியம் பையில் இருந்து, ராத்திரி மட்டும் வாங்கிச் சாப்பிடுவது என்று வைத்துக்கொண்டால் எந்தத் திட்டமும் கிட்டே வராது.

கேரக்டர் சாப்பாட்டில் என் குழந்தை பயப்படுமா?

படலாம். டிவியில் உள்ளங்கை அளவு பார்த்த மிக்கி, நேரில் தலையே நாற்காலி அகலம். எங்கள் பெண் வாரக்கணக்கில் ‘மிக்கியைப் பார்க்கணும்’ என்றவள், அவர் மேசைக்கு வந்ததும் மேசை விரிப்புக்குள் போய்விட்டாள். மிக்கி பாவம், குனிந்து பார்த்தார், கையசைத்தார், என்னோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். அவர் போன பிறகு வெளியே வந்து, “அவர் மறுபடி எப்ப வருவார்?” என்றாள்.

அதனால் ஒரு யோசனை: முதல் கேரக்டர் சாப்பாட்டைக் காலைச் சாப்பாடாக வையுங்கள். இரவைவிட விலை குறைவு, பிள்ளையும் தூங்கி எழுந்த முகத்தோடு இருக்கும். திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது தலைகீழ். காலைக்கும் இரவுக்கும் ஒரே கிரெடிட் என்பதால் இரவில் வைத்தால்தான் காசு.

மேஜிக் கிங்டம் பூங்காவில் சின்டரெல்லா கோட்டைக்குள்ளேயே இருக்கும் சின்டரெல்லாஸ் ராயல் டேபிள் உணவகத்துக்கு இரண்டு டேபிள் சர்வீஸ் கிரெடிட். அதாவது ஒரே வேளையில் இரண்டு நாள் சாப்பாடு போய்விடும். பிள்ளை உயிரைவிட்டுக் கேட்டால் போங்கள், கணக்குப் பார்த்துப் போகாதீர்கள்.

திட்டம் வாங்கினால் இடம் உறுதியா?

இல்லை. திட்டம் என்பது பணம் கட்டியதற்கான ரசீது மட்டும். மேசை வேண்டுமென்றால் முன்பதிவு தனியாகச் செய்ய வேண்டும். 60 நாளுக்கு முன்னால் திறக்கும். டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள், வந்திறங்கும் நாளுக்கு 60 நாள் முன்னாலிருந்தே, தங்கும் நாள்கள் எல்லாவற்றுக்கும், பத்து நாள் வரை, ஒரேயடியாகப் பதிவு செய்துவிடலாம். கிழக்கு நேரம் காலை 6 மணி வாக்கில் உட்கார்ந்துவிடுங்கள், தத்கல் டிக்கெட் எடுத்த அனுபவம் கைகொடுக்கும். கேட்ட இடம் கிடைக்கவில்லை என்றால் சாதாரண திட்டத்தை வாங்குவதில் அர்த்தமே இல்லை.

பிள்ளைக்குக் காய்ச்சல், போக முடியவில்லை என்றால் இரண்டு மணி நேரம் முன்னதாகவாவது ரத்து செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் பெரும்பாலான இடங்களில் ஆளுக்கு 10 டாலர் பிடிப்பார்கள்.

டிப்ஸ் அடக்கமா?

இல்லை. ஆரம்ப வருஷங்களில் அடக்கமாக இருந்தது, 2008 முதல் எடுத்துவிட்டார்கள். டேபிள் சர்வீஸில் பில் தொகை என்னவாக இருந்திருக்குமோ அதற்கு 18, 20 சதவீதம் கையிலிருந்து. 6 பேர் அல்லது அதற்கு மேல் என்றால் 18 சதவீதத்தை அவர்களே சேர்த்துவிடுவார்கள். ‘எல்லாம் கட்டியாச்சு’ என்று வெறுங்கையோடு போகாதீர்கள்.

அந்த மக் உபயோகமா?

ஹோட்டலில் மட்டும்தான் நிரப்பலாம், பூங்காவில் செல்லாது. காலையில் காபிக்கும் ராத்திரி பிள்ளைகளின் ஹாட் சாக்லேட்டுக்கும் நன்றாக இருந்தது. காபி நம் காபி இல்லை, அதற்கு ஒரு பாக்கெட் ப்ரூ எடுத்துப் போங்கள்.

கிரெடிட் மிச்சம் ஆனால்?

அறையைக் காலி செய்யும் நாள் நள்ளிரவோடு செத்துவிடும், பணமாகத் திரும்பாது. எங்களுக்குக் கடைசி இரவு 7 ஸ்நாக் கிரெடிட் மிச்சம். ராத்திரி 11 மணிக்கு ஹோட்டல் கடையில் நின்று, டிஸ்னி ஆப்பில் ஒரு கண், அலமாரியில் ஒரு கண்ணாக, மிக்கி காது வைத்த ரைஸ் கிரிஸ்பி கட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு முன்னால் வரிசையில் இருந்த குடும்பமும் அதையேதான் செய்துகொண்டிருந்தது. முதல் நாளிலிருந்தே ஸ்நாக்கை விலை கூடிய பொருள்களுக்குச் செலவழியுங்கள், மேஜிக் கிங்டமில் டோல் விப் என்ற அன்னாசி ஐஸ் மாதிரி. தண்ணீர் பாட்டிலுக்குக் கொடுத்து வீணாக்காதீர்கள்.

கலிபோர்னியா டிஸ்னிலேண்டுக்கும் இதே கணக்கா?

இல்லை. இந்த இரவுக்கணக்குத் திட்டம் அங்கே கிடையாது.

அடுத்த தடவை நீங்கள் வாங்குவீர்களா?

எங்கள் பெண்ணுக்கு இப்போது 8, பையனுக்கு 4. இரண்டு பேரும் குழந்தைக் கட்டணம். அப்படியும் வாங்கப்போவதில்லை. இரண்டு கேரக்டர் சாப்பாடு மட்டும் பணம் கொடுத்து, மிச்சம் கவுன்டரிலும் பையிலும். பெண்ணுக்கு 10 ஆவதற்குள் மாமியாரும் நாத்தனார் குடும்பமும் சேர்ந்து போவதாகப் பேச்சு இருக்கிறது. நாத்தனாருக்கு 3, 5, 7 என்று மூன்று பிள்ளைகள், சைவமும் இல்லை, அவள் வீட்டுக்காரருக்கு பியர் பிடிக்கும். அவர்களை வாங்கச் சொல்லிவிட்டேன். மாமியாருக்குத் தனி புக்கிங்.